கோடு வரும் வரை

பொன்னைப் பொடித்துக்கொண்டே போனால்
ஓர் இடத்தில் அது சிவப்பாகிவிடும்.
ஹெப்பாளில், எங்கள் குளிர்பெட்டியில்,
மாதுளைச் சாறு போல ஒரு குப்பி நிற்கிறது.
நாவல் நிறத்துக்குத் திரும்பினால்
அன்றைய வேலை வீண்.
தணிக்கைக்கு வந்தவர் இது பொன் என்று நம்பவில்லை.
ரசீதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

அந்தச் சிவப்பை
வெள்ளைத் தாளில் நடக்கவைப்பது என் உத்தியோகம்.
பசுவின் ரத்தநீர் ஒரு துளி,
கரைசல் இரண்டு துளி,
மீதியைத் தாளே உறிஞ்சிக்கொள்ளும்.
ஒரு கோடு வந்தால் தாள் வேலை செய்கிறது.
கூட இன்னொன்றும் வந்தால்
கன்று தங்காது.

மூன்று வருடம்.
நாற்பதாம் தொகுதி ஆகஸ்ட் மழையில்
அப்பளமாய் நமுத்தது.
அடுத்தது, கன்றுப் பருவத்தில் தடுப்பூசி போட்டவற்றை எல்லாம்
நோயாளி என்றது.
அதற்கடுத்தது யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை,
பெரிய மனிதர்கள் மாதிரி.
ஜெசிந்தா ஒருநாள் சொன்னாள்:
"வீட்டுக் குளியலறையில் ரெண்டு கோட்டுக்காக
ஆறு வருஷம் நின்னேன்.
இங்க வந்து
அது வரக் கூடாதுன்னு நிக்கறேன்."
பிறகு கையுறையை மாற்றிக்கொண்டாள்.

ஜக்கூர் ஏரிக்குப் பின்னால்,
பதினெட்டு மாடி எழும்பும் மனையின்
தகரவேலியை ஒட்டி
முனிவெங்கடப்பாவின் கொட்டகை.
ஏழு மாடு.
சாம்பல் நிறத்தவள் பெயர் பெள்ளி,
நம் பேச்சில் வெள்ளி.
ஏழாம் மாதத்தில் கன்று வீசினாள். இரண்டு முறை.
விழுந்ததைச் சிக்கதாயம்மா வெறுங்கையால் அள்ளி
வேலியோரம் புதைத்திருக்கிறாள்.

தாளைச் செங்கல் மேல் வைத்தேன்.
பதினைந்து நிமிடம்.
கையேட்டில் 'காத்திருக்கவும்' என்று ஒரே சொல்;
கொட்டகையில் அது
சிமெண்ட் லாரி பின்னோக்கி வரும் ஓசை,
முனிவெங்கடப்பா பற்றவைக்காமல் பிடித்திருந்த பீடி,
மூத்திரத்தில் மிதக்கும் ஒரு சோளத்தட்டை.
ஒன்பதாவது நிமிடத்தில்
இரண்டாம் கோடு
உள்ளே வரலாமா என்று கேட்பது போல் மங்கலாக,
பிறகு, கேட்காமலே.

"எவ்வளவு சீக்கிரம்!" என்றார், மெச்சித்தான்.
"இனி என்ன செய்ய?"

அதற்குத் தாளில் கோடு இல்லை.
வெட்டுவதற்குச் சட்டம் விடாது.
வைத்துக்கொண்டால் மற்ற ஆறுக்கும் தொற்றும்.
விற்றால்
சந்தையில் எவனோ கயிறு மாற்றிப் பிடித்துக்கொண்டு போவான்,
அவன் கொட்டகைக்கும் நான் போவேன்,
செங்கல் தேடுவேன்.
இருவரும் பெள்ளியைப் பார்த்தோம்.
அவள் என் பையின் வாரை மென்றுகொண்டிருந்தாள்.

அதுவரை பேசாத சிக்கதாயம்மா
கையை முந்தானையில் துடைத்து
விரலை நீட்டினாள்.
எட்டு மாதமாய் பொழுது சாய்ந்தால் காய்ச்சல்.
இடுப்பில் உளைச்சல்.
டைபாய்டு என்று இரண்டு தடவை ஊசி.
"இவளுக்குத் தெரிகிறதே. எனக்கும் போட்டுப் பார்."

இது மாட்டுக்கு மட்டும் என்றேன்.
அனுமதி, நெறிமுறைக் குழு என்றேன்,
கன்னடத்தில் கிடைக்காத சொற்களைத் தமிழில் மென்று.
விரல் நீட்டியபடியே இருந்தது,
நகக்கண்ணில் சாணம்.

குறிப்பேட்டில் அவளுக்குக் கட்டம் இல்லை.
ஒரு பக்கத்தைக் கிழித்து
ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினேன்.
எந்தச் சோதனை என்றும் எழுத வேண்டும்.
ப்ருசெல்லா.
அந்த முதல் எழுத்துக்குக் கன்னடத்தில்
ஒரு மெய்யின் அடியில்
இன்னொரு மெய் தொங்க வேண்டும்.
புள்ளி வைத்தே பழகிய கை எனக்கு.
எழுதினேன், அடித்தேன், எழுதினேன்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.
"என்ன சொல், சொல்லு" என்றாள்.
சொன்னேன்.
உதட்டுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு
பிழையில்லாமல் எழுதினாள்,
அது என்னவென்று
இன்னும் என்னிடம் கேட்காமல்.